செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒத்துக்கொள்கிறார்? போலீஸ் விசாரணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமங்களிலும் கல்லூரிகளிலும் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசும் வழக்கறிஞர் நான். எந்த ஊருக்குப் போனாலும் போலீஸ் விசாரணை பற்றி ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கூட்டத்தில் கேட்கத் தயங்கி, எல்லாம் முடிந்தபின் தனியாக வந்து கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் இருப்பதால், பிரிவு எண்கள் அவற்றின்படி இருக்கும். 'நடைமுறைச் சட்டம்' என்று நான் சொல்வது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை. 'சாட்சியச் சட்டம்' என்பது பாரதிய சாக்ஷிய அதினியம்.

தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

இந்தப் பழமொழியை நம்பித்தான் நிரபராதிகள் ஸ்டேஷனுக்குள் நுழைகிறார்கள். குற்றம் செய்தவன் என்ன சொல்வது, எதை மறைப்பது என்று யோசித்துக்கொண்டு வருகிறான். செய்யாதவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. அதனால் வக்கீல் வேண்டாம் என்கிறார், கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், போனைத் திறந்து கையில் கொடுக்கிறார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். உண்மை தானாக வெளிவந்துவிடும் என்று மனதார நம்புகிறார்.

சால் காசின் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004ல் ஒரு சோதனையை வெளியிட்டார். திருடியதாகச் சிலரையும், திருடாமல் வெறுமனே அந்த இடத்துக்குப் போய் வந்ததாகச் சிலரையும் வைத்து, பிறகு விசாரணை அதிகாரி போன்ற ஒருவரை அவர்களிடம் அனுப்பினார். பேசாமல் இருக்கும் உரிமையைக் குற்றமற்றவர்களில் 81 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். 'திருடியவர்களில்' விட்டுக்கொடுத்தவர்கள் 36 சதவீதம்தான். குற்றமற்றவர் என்பதே விசாரணை அறையில் ஒருவரைப் பாதுகாப்பில்லாமல் நிறுத்துகிறது. இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

அடித்தால் யாராக இருந்தாலும் ஒத்துக்குவாங்க. அடிக்காமலே ஒருத்தர் செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்பாரா?

நம் ஊரில் அடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும், 2025 ஜூனில் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளியும் போலீஸ் விசாரணைக்குப் பின் உயிரோடு வீடு திரும்பவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது என்ற செய்தியை நாம் சர்வசாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோம். அடிக்கு முன்னால் நிற்பவர் எதையும் ஒத்துக்கொள்வார் என்பதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அடி விழாத இடங்களிலும் இது நடக்கிறது. 1989 ஏப்ரலில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்த பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயதுக்குட்பட்ட ஐந்து பையன்கள் பிடிபட்டார்கள். மணிக்கணக்காக விசாரணை நடந்தது. "மற்றவர்கள் செய்ததைச் சொல்லிவிடு, வீட்டுக்குப் போகலாம்" என்ற தொனியிலேயே பேச்சு போனது. நால்வர் கேமரா முன் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2002ல் மத்தியாஸ் ரேயஸ் என்பவர், தான் ஒருவனாகச் செய்தது என்று ஒத்துக்கொண்டார். மரபணுச் சோதனையும் அவரைத்தான் காட்டியது. பையன்களின் தண்டனை அந்த ஆண்டு டிசம்பரில் ரத்தானது. அதற்குள் அவர்களின் இளமை சிறையில் போய்விட்டது.

நானாக இருந்தால் செத்தாலும் சொல்ல மாட்டேன். மனஉறுதி இல்லாதவங்கதானே இப்படிச் சொல்வாங்க?

வெளியே உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம். ஜப்பானின் இவாவோ ஹகமாதா தொழில்முறைக் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1966ல் அவர் வேலை பார்த்த மிசோ தொழிற்சாலை மேலாளரின் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கில் கைதானார். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 மணி நேரம், சுமார் 20 நாள் தொடர்ந்து விசாரணை. அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தும் பயனில்லை, 1968ல் மரண தண்டனை. அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024 செப்டம்பரில், அவருடைய 88ஆவது வயதில். அந்த வாக்குமூலம் மனிதத்தன்மையற்ற முறையில் பெறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. உடலிலோ மனதிலோ உறுதி குறைந்தவர் என்று அவரைச் சொல்ல முடியுமா?

உள்ளே நடப்பது இதுதான். தூக்கம் போகிறது, பசி போகிறது, நேரம் தெரியாமல் போகிறது. இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அதே கேள்வி திரும்ப வருகிறது. ஒரு கட்டத்தில் "இல்லை" என்ற பதிலுக்கு அந்த அறையில் மதிப்பே கிடையாது என்பது புரிகிறது. ஒத்துக்கொண்டால் வரும் சிறைத் தண்டனை எங்கோ தூரத்தில் இருக்கிறது. இந்த நிமிடத்தின் வேதனை கண்முன்னே இருக்கிறது. "இப்போதைக்குச் சொல்லி வெளியே போவோம், கோர்ட்டில் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார். நிரபராதி என்பதால்தான் அப்படி நினைக்க முடிகிறது. செய்தவனுக்கு அந்த நம்பிக்கை இருக்காது.

ஸ்டீவன் டிரிசின், ரிச்சர்ட் லியோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பொய்யென்று நிரூபணமான 125 வாக்குமூலங்களை 2004ல் ஆராய்ந்தார்கள். விசாரணை நீடித்த நேரம் தெரிந்த வழக்குகளில் அதன் சராசரி 16 மணி நேரத்துக்கும் மேல். 2016ல் வந்த வேறொரு சோதனையில், நன்றாகத் தூங்கியவர்களில் 18 சதவீதம் பேர் செய்யாத தவற்றை ஒத்துக்கொண்டு முதல் முறையிலேயே கையெழுத்துப் போட்டார்கள். ஓர் இரவு தூங்காதவர்களில் பாதிப் பேர் போட்டார்கள்.

"சாட்சி இருக்கு, கேமராவில் மாட்டிக்கிட்டே" என்று போலீஸ் பொய் சொல்லலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1969ல் உச்ச நீதிமன்றமே அப்படிப் பொய் சொல்வதை ஏற்றுக்கொண்டது. 2021ல்தான் இல்லினாய், ஒரேகான் மாநிலங்கள் சிறுவர்களிடம் பொய் சொல்லி விசாரிப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டன. இங்கிலாந்தில், கைரேகை கிடைத்ததாகப் பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987லேயே தூக்கி எறிந்தது.

நம் சட்டத்தில் மிரட்டல், வற்புறுத்தல், ஆசை காட்டுதல், வாக்குறுதி ஆகியவற்றால் வந்த ஒப்புதல் செல்லாது. இது சாட்சியச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவு, ஏமாற்றி வாங்கினார்கள் என்ற ஒரே காரணத்தால் ஒப்புதல் செல்லாமல் போகாது என்றும் சொல்கிறது. பழைய சட்டத்தில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். திருத்தியிருக்க வேண்டிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் பொய்ச் சாட்சிக்கு இருக்கும் பலம் சாதாரணமானது அல்ல. காசின் 1996ல் செய்த சோதனையில், கணினியில் ஒரு குறிப்பிட்ட விசையைத் தொடவே கூடாது என்று மாணவர்களிடம் சொல்லியிருந்தார்கள். கணினி தானாக நின்றுபோனதும், "நீதான் தொட்டாய்" என்று குற்றம் சாட்டினார்கள். யாருமே தொடவில்லை. ஆனாலும் 69 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். வேகமாகத் தட்டச்சு செய்ய வைத்து, "நான் பார்த்தேன்" என்று ஒரு பொய்ச் சாட்சியையும் சேர்த்தபோது ஒருவர்கூட மறுக்கவில்லை.

சில பேர் தாங்களே செய்ததாக நம்பிவிடுவார்களாமே. அது எப்படி முடியும்?

முடிகிறது. இப்போது சொன்ன சோதனையில் 28 சதவீதம் பேர் தாங்கள்தான் விசையைத் தொட்டோம் என்று உண்மையாகவே நம்பினார்கள். நம் நினைவு நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியானது அல்ல. "உனக்கு ஞாபகம் இல்லை, அதிர்ச்சியில் மறந்துவிட்டாய், யோசித்துப் பார்" என்று அதிகாரத்தில் இருப்பவர் நாள்கணக்கில் சொன்னால், ஒருவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வருகிறது. பிறகு "ஒருவேளை இப்படி நடந்திருக்கலாம்" என்று கற்பனை செய்யச் சொல்வார்கள். கற்பனை செய்தது மெல்ல நினைவாகிவிடுகிறது.

ஐஸ்லாந்தில் 1974ல் குவுட்முண்டுர், கெய்ர்ஃபின்னுர் என்ற இரண்டு ஆண்கள் வெவ்வேறு நாட்களில் காணாமல் போனார்கள். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு இளைஞர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவரைத் தனிமைச் சிறையில் 600 நாளுக்கும் மேல் வைத்திருந்தார்கள். நடந்தது என்ன என்று அவர்களுக்கே தெரியாமல் போனது. 2018ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்து பேரைக் குற்றமற்றவர்கள் என்று சொன்னது. சிலர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். கீஸ்லி குவுட்யோன்சன் என்ற உளவியலாளர் இந்த வழக்கின் வாக்குமூலங்களை ஆராய்ந்து, நினைவின்மேல் ஏற்படும் அவநம்பிக்கையைப் பற்றி விரிவாக எழுதினார். அவரும் ஒருகாலத்தில் ஐஸ்லாந்து போலீசில் வேலை பார்த்தவர்தான்.

செய்யாதவனுக்குச் சம்பவ இடத்து விவரமெல்லாம் எப்படித் தெரியும்? விவரமாகச் சொல்றானே?

நீதிபதிகளைக்கூட ஏமாற்றிவிடுவது இந்த விவரங்கள்தான். விவரம் பெரும்பாலும் கேள்வியிலேயே இருக்கிறது. "கத்தியை எங்கே போட்டாய்?" என்று கேட்டால் ஆயுதம் கத்தி என்று தெரிந்துவிடுகிறது. "கிணற்றிலா, ஓடையிலா?" என்று கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லலாம். தவறாகச் சொன்னால் "பொய் சொல்லாதே" என்பார்கள், சரியாகச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். புகைப்படம் காட்டுவது, சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போவது, செய்து காட்டச் சொல்வது எல்லாமே விவரத்தை ஊட்டும் வழிகள். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுதலையானவர்களின் பொய் வாக்குமூலங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ எல்லாவற்றிலும் குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்கள் இருந்தன. விசாரித்தவர்களிடமிருந்துதான் அவை போயிருக்க முடியும்.

2017 செப்டம்பரில் டெல்லி அருகே குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் கொல்லப்பட்டான். அன்றே பஸ் கண்டக்டர் ஒருவரைப் பிடித்தார்கள். டிவி கேமராக்கள் முன்னால் நின்று, தான் செய்ததாக அவர் சொன்னதை நாடே பார்த்தது. பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது. அவருக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று சிபிஐ சொல்லி, அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பிடித்தது. கண்டக்டர் 2018 பிப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். போலீஸ் தன்னை அடித்துச் சொல்லவைத்தது என்றார் அவர். டிவியில் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? வேர்க்குது, பதறுறான், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான்.

தெரியாது. ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று ஆளைப் பார்த்தே கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம் என்று 2006ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். பூவா தலையா போட்டாலே 50 வரும்.

நம் ஊரில் பெரியவர்கள், அதிகாரிகள் முன்னால் தலையைக் குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். "சரிங்கய்யா", "ஆமாங்கய்யா" என்பது பலருக்குப் பேச்சில் ஊறிப்போன பணிவு. விசாரணை அறையில் குனிந்த தலை குற்ற உணர்ச்சியாகவும், "ஆமாங்கய்யா" ஒப்புதலாகவும் பார்க்கப்படுகிறது. சந்தேகத்தோடு பார்ப்பவருக்குப் பதற்றமும் சாட்சி, பதறாமல் இருப்பதும் சாட்சி.

முதலில் ஒண்ணு சொன்னான், அப்புறம் மாத்திச் சொன்னான். அதிலேயே பொய் என்று தெரியலையா?

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கே இருந்தீர்கள்? உடனே பதில் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் வழக்கமாக எங்கே இருப்பார்களோ அதைச் சொல்வார்கள். பிறகு, "ஐயோ, அன்றைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேனே" என்று ஞாபகம் வரும். நல்லெண்ணத்தோடு திருத்துவார்கள். அது 'முன்னுக்குப் பின் முரண்' ஆகிவிடும். மறைக்க ஒன்றுமில்லாதவர் யோசிக்காமல் சொல்வதால் இந்த வலையில் அதிகம் விழுகிறார். நிச்சயமாகத் தெரியாததற்கு "ஞாபகமில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பதுதான் நேர்மையான பதில்.

யாரெல்லாம் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள்?

சிறுவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், மனநலப் பிரச்சினை உள்ளவர்கள், குடிப்பழக்கத்தை நிறுத்திக் கை நடுங்கும் நிலையில் இருப்பவர்கள், அப்போதுதான் நெருங்கிய ஒருவரை இழந்தவர்கள். சென்ட்ரல் பார்க் வழக்கில் பிடிபட்ட எல்லோரும் சிறுவர்கள் என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது.

இதோடு இன்னொரு பட்டியலும் உண்டு, அதைச் சமூகம் எழுதி வைத்திருக்கிறது. குறவர், இருளர் போன்ற மக்கள் ஊரில் எங்கு திருட்டு நடந்தாலும் முதலில் கூப்பிடப்படுகிறார்கள். வெள்ளையர் ஆட்சி 1871ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின் நீக்கப்பட்டது. ஆனால் அந்தப் பார்வை ஸ்டேஷன்களை விட்டு இன்னும் போகவில்லை. கடலூர் மாவட்டம் முதனையில் 1993ல் திருட்டு விசாரணைக்குக் கூட்டிச் செல்லப்பட்டு, போலீஸ் காவலில் உயிரிழந்த ராஜாக்கண்ணுவின் கதை அதிலிருந்து பிறந்ததுதான். இப்போது வடமாநிலத் தொழிலாளர்களும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள். மொழி தெரியாது, கேட்க ஆள் கிடையாது.

போலீசிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது என்கிறார்களே. அப்புறம் என்ன கவலை?

சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகச் செல்லாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், பக்கத்தில் மாஜிஸ்திரேட் இல்லாவிட்டால் அதுவும் செல்லாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அதில் ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, நீங்கள் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் பல வழக்குகளில் கத்தியோ நகையோ 'எதிரி காட்டிய இடத்தில்' கிடைக்கிறது ('எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்). பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜரில் கையெழுத்துப் போடும் சாட்சிகள் யார் என்று வக்கீல்கள் துருவுவதும் அதற்காகத்தான். இரண்டு, மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் ஒப்புதல் முழுமையாகச் செல்லும். மூன்று, சுங்கத்துறை, அமலாக்கத்துறை அதிகாரிகளைச் சட்டம் 'போலீஸ்' என்று பார்ப்பதில்லை. கடத்தல் பொருளைக் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபடும் 'குருவிகள்' சுங்க அதிகாரியிடம் எழுதிக்கொடுப்பது அவர்களுக்கு எதிராகவே நிற்கும். போதைப்பொருள் வழக்குகளிலும் அப்படித்தான் இருந்தது. 2020ல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

நான்கு, சிறப்புச் சட்டங்கள். பயங்கரவாத வழக்குகளுக்காக முன்பு இருந்த தடா சட்டம் போலீஸ் எஸ்.பி. எழுதிக்கொண்ட வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலம் அப்படிப்பட்டது. வாங்கிக்கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை, தான் பதிவு செய்யவில்லை என்று அதை எழுதிய சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013ல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் 19 வயதில் கைதானவர், 2022 மே மாதம் விடுதலையானார். ஒரு வரி எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. கோர்ட்டில் செல்லாவிட்டாலும், ஒத்துக்கொண்டார் என்றதும் வேறு ஆளைத் தேடுவது நின்றுவிடுகிறது. சாட்சிகள் அந்தக் கதைக்கு ஏற்பப் பேச ஆரம்பிக்கிறார்கள். பத்திரிகையில் படம் வந்துவிடுகிறது. ஜாமீன் தள்ளிப்போகிறது.

"சும்மா விசாரிக்கத்தான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ" என்று போனில் கூப்பிட்டால் போகணுமா?

மரியாதையாக, "எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுங்க சார், கண்டிப்பாக வர்றேன்" என்று சொல்லுங்கள். சாட்சியாகக் கூப்பிட நடைமுறைச் சட்டம் 179, சந்தேக நபராகக் கூப்பிட 35(3). இரண்டுக்கும் எழுத்து தேவை. எந்தப் பிரிவில் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே நீங்கள் சாட்சியா, எதிரியா என்பது தெரிந்துவிடும். நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள், அது கைதுக்கு வழிசெய்யும்.

சாட்சி விசாரணை என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ளவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையான நோயுள்ளவர்களையும் ஸ்டேஷனுக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். போகும்போது தனியாகப் போகாதீர்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள் என்பதை வெளியே ஒருவர் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

வாயைத் திறக்காமல் இருந்தால் சந்தேகம் அதிகமாகாதா?

ஆகலாம். ஆனால் சந்தேகத்தை வைத்துத் தண்டிக்க முடியாது, நீங்கள் சொன்ன வார்த்தையை வைத்து வழக்கைக் கட்ட முடியும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). இது கோர்ட்டுக்கு மட்டுமல்ல, போலீஸ் விசாரணைக்கும் பொருந்தும் என்று 1978ல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். அடிப்பது மட்டும் கட்டாயம் அல்ல, மனரீதியான வதையும், சூழலால் தரும் நெருக்கடியும், ஓயாமல் கேட்டுச் சலிப்படையச் செய்வதும்கூடக் கட்டாயம்தான் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மேலே மூன்றாவது கேள்வியில் நாம் பார்த்த எல்லாமே அதற்குள் வருகிறது.

பெயர், முகவரி போன்றவற்றை மறைக்க வேண்டாம். குற்றத்தோடு உங்களைச் சேர்க்கக்கூடிய கேள்வி வந்தால், "வக்கீலைக் கலந்துகொண்டு சொல்றேன் சார்" என்ற ஒரே வாக்கியம் போதும். குரலை உயர்த்த வேண்டாம், சட்டப் பிரிவை எடுத்து வாதாடவும் வேண்டாம். அதே வாக்கியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

வக்கீல் கூடவே உட்காரலாமா? வக்கீல் வைக்கக் காசில்லையே?

கைதானவர் விசாரணையின்போது தான் விரும்பும் வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அவர் கூட இருக்க முடியாது என்கிறது நடைமுறைச் சட்டம் 38. அரைகுறைப் பாதுகாப்புதான். கேட்டுப் பெறுங்கள். காசில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்கு யாரும் கூப்பிடலாம்.

வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால்?

போடாதீர்கள். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்கிறது நடைமுறைச் சட்டம் 181. வேறு வழியில்லாமல் போட்டுவிட்டால் அதை மறைக்காதீர்கள். அன்றே வக்கீலிடம் சொல்லுங்கள், மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லுங்கள்.

உண்மை கண்டறியும் சோதனைக்கு நானே சம்மதிச்சால் நிரபராதி என்று நிரூபணம் ஆகிவிடாதா?

இந்த ஆசை நிரபராதிகளுக்குத்தான் வருகிறது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை நினைவில் வையுங்கள். சம்மதமில்லாமல் நார்கோ (மருந்து கொடுத்துப் பேசவைப்பது), பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனைகளைச் செய்யக் கூடாது என்று 2010ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால்தான் பதிவு செய்ய வேண்டும். பாலிகிராஃப் அளப்பது பதற்றத்தை மட்டும்தான், பதற்றம் நிரபராதிக்கும் வரும். சோதனை சாதகமாக வந்தால் விடுதலை கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதிலிருந்து ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம். வக்கீலிடம் பேசாமல் சம்மதிக்காதீர்கள்.

வீட்டில் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கே வச்சிருக்காங்கன்னே தெரியலை. என்ன செய்வது?

கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டியது போலீசின் கடமை, அது நடைமுறைச் சட்டம் 48. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதைத் தாண்டுவதற்காகத்தான் சில தனிப்படைகள் ஆளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாமல் லாட்ஜிலும் தோட்டத்து வீட்டிலும் வைத்திருக்கின்றன. கணக்கில் வராத அந்த மணி நேரங்களில்தான் பெரும்பாலான பொய் வாக்குமூலங்கள் பிறக்கின்றன.

அதனால் நேரத்தைப் பதிவு செய்வதுதான் உங்கள் முதல் வேலை. எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் வந்தார்கள் என்பதை எழுதி மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாசல் கேமரா, பக்கத்துக் கடை கேமரா பதிவை வாங்கி வையுங்கள். ஒரு நாள் தாண்டியும் தகவல் இல்லையென்றால், சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடலாம். "கேட்டால் இன்னும் அடிப்பார்களோ" என்று பயந்து பலர் சும்மா இருக்கிறார்கள். என் அனுபவத்தில், வெளியே ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்த இடத்தில் கை ஓங்குவது குறைகிறது.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது என்ன சொல்லணும்? போலீஸ் பக்கத்திலேயே நிக்குமே?

ரிமாண்ட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் சொல்ல வேண்டியது மூன்று: எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா. "அடித்ததைச் சொன்னால் திரும்ப நம்மிடம்தான் வருவாய்" என்று மிரட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க அழைத்துப் போயிருந்தால், இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. நீங்கள் ஒப்புதல் தரக் கட்டாயமில்லை என்று மாஜிஸ்திரேட் முதலில் சொல்லியாக வேண்டும். "எனக்கு விருப்பமில்லை" என்று அப்போது சொல்லிவிட்டால், உங்களை மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்ப அவர் அனுமதிக்கக் கூடாது. நடைமுறைச் சட்டம் 183(3) இதைத்தான் சொல்கிறது.

இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் குற்றவாளியும் தப்பிச்சிடுவானே? போலீஸ் எப்படித்தான் கண்டுபிடிக்கும்?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வரும்போது அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தவறான ஆள் உள்ளே இருந்தால் சரியான ஆள் வெளியே இருக்கிறான். சென்ட்ரல் பார்க்கில் ஐந்து பையன்களைப் பிடித்து வழக்கு முடிந்தது என்று போலீஸ் நினைத்திருந்த அதே 1989 கோடையில், மத்தியாஸ் ரேயஸ் கர்ப்பிணிப் பெண் ஒருவரைக் கொன்றார்.

இங்கிலாந்தில் 1974 குண்டுவெடிப்பு வழக்குகளில் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்டு நால்வர் 1989லும், பர்மிங்காம் அறுவர் 1991லும் விடுதலையானார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களும் விசாரணையில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள்தான். விசாரணையை ஒலிப்பதிவு செய்வதை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த அந்த நாடு, 1990களின் தொடக்கத்தில் விசாரிக்கும் முறையையே மாற்றியது. ஒத்துக்கொள்ள வைப்பது நோக்கம் அல்ல, தகவல் சேகரிப்பதுதான் நோக்கம் என்று போலீசாருக்குப் பயிற்சி தரப்படுகிறது. ஆளை முழுதாகப் பேசவிட்டு, அவர் சொன்னதை வெளியே கிடைத்த தடயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேயும் குற்றவாளிகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டாச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். மறுத்துவிட்ட ஒப்புதலை மட்டும் நம்பி நீதிமன்றங்கள் பொதுவாகத் தண்டிப்பதில்லை, வேறு ஆதாரம் கேட்கும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் மறுக்கிறீர்களோ அவ்வளவு மதிப்பு. கோர்ட்டில் விசாரணை தொடங்கும்வரை மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு "மிரட்டினார்கள்" என்றால் 'பின்யோசனை' என்று அரசுத் தரப்பு சொல்லும். சிறையில் இருந்தால் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மனு அனுப்பலாம்.

முதலில் உட்கார்ந்து நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம், யார் யார், என்ன கேட்டார்கள், எந்த விவரத்தை அவர்களே சொன்னார்கள், எப்போது சாப்பாடு, எப்போது தூக்கம். "இந்த விவரம் எனக்கு எப்படித் தெரிந்தது" என்பதை ஒவ்வொன்றாகக் காட்ட முடிந்தால் வழக்கின் பாதி அங்கேயே உடையும். உடலில் காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள், அறிக்கையின் நகல் உங்கள் உரிமை. சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கு செல்போன் டவர் பதிவு, பஸ் டிக்கெட், ஜிபே பரிவர்த்தனை என்று எதுவும் உதவும்.

கடைசியாக, ஸ்டேஷன் கேமரா. லாக்கப், வராண்டா உட்பட ஸ்டேஷன் முழுக்க ஒலியோடு பதிவாகும் கேமரா இருக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், பதிவுகள் அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். அதனால் பதிவு இருக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். நாள், நேரம், ஸ்டேஷன் பெயரைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படி முதல் வாரத்திலேயே மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டுவிடுங்கள்.